வெறும் தட்டில் ஒரு காவி நூல்

தஸ்மியா மீன் அறுப்பதைப் பார்க்கப் பிரம்மநாயகிக்குப் பிடிக்காது. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண், கவிச்சி தாங்கவில்லை என்று ஆய்வகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் இருந்துவிட்டாள். கவிச்சி ஒரு காரணம், அதில் பொய்யில்லை. ஆனால் பெரிய காரணம் பொறாமை. அந்தப் பெண் ஒரு மடவை மீனை எடுத்து, கத்தரியின் நுனியை உள்ளே விட்டு, இரைப்பையும் குடலும் எங்கும் கிழியாமல் முழுசாக எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பேராசிரியர் சிவசண்முகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். "காயல்பட்டினத்துக் கைன்னா கைதான்மா" என்பார். ஏழு வருடமாகப் பிரம்மநாயகியும் அதே மேசையில்தான் வேலை பார்க்கிறாள். அவள் கையைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மாடியில் இருந்தது அந்த ஆய்வகம். ஆய்வகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு நுண்ணோக்கி, சுவர் ஓரமாக ஓர் அலமாரி, பங்குனி வெயிலிலும் ஓடாத மின்விசிறி. விசிறி கெட்டுப்போகவில்லை, ஓடக்கூடாது. அங்கே தேடுவது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் நூலை. விசிறி சுழன்றால் சேலையில் இருக்கிற நூல், திரைச்சீலையில் இருக்கிற நூல் எல்லாம் பறந்துவந்து மாதிரியில் விழுந்துவிடும். அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் பருத்தி தவிர வேறு உடுத்தக்கூடாது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு அனுமதி கிடையாது. கடலில் இருந்து மீன்கூட எவர்சில்வர் தூக்குச்சட்டியில்தான் வரும். யாரோ தினமும் குழம்பு கொண்டுவருகிறார்கள் என்று வாசலில் இருக்கும் காவலாளி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிரம்மநாயகியின் ஆராய்ச்சி பாபநாசத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே அமாவாசைக்கு அமாவாசை ஆற்றில் முங்கி எழுகிறவர்கள், உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் துணியோடு போகிறது என்று நம்பிக்கை. அந்தக் காலத்தில் பருத்தி வேட்டி, மக்கிப் போய்விடும். இப்போது விடுவது முக்கால்வாசி பாலியெஸ்டர். பாவம் போகிறதோ என்னவோ, துணி போகாது. பாறையில் சிக்கிக் கிழிந்து, நூல் நூலாகப் பிரிந்து, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, கொக்கிரகுளம், ஸ்ரீவைகுண்டம் என்று ஆறு போகிற ஊரெல்லாம் தானும் போகும். ஏழு வருடமாக அத்தனை ஊரிலும் இறங்கித் தண்ணீர் எடுத்து, வடித்து, நூலை எண்ணி, கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்திருந்தாள் பிரம்மநாயகி. முந்நூற்றுப் பன்னிரண்டு புட்டி. ஒவ்வொன்றிலும் இடம், தேதி, நூல் எண்ணிக்கை. அலமாரியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் குறை. நூல் புன்னைக்காயலில் கடலில் விழுவதுவரை அவளிடம் ஆதாரம் இருந்தது. விழுந்தபின் அது எந்த உயிரின் வயிற்றுக்குள் போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. "கடல்ல ஒரு பிராணி வயித்துல உங்க நூலைக் காட்டுங்கம்மா. அன்னைக்குக் கட்டுரையில உங்க பேரு முதல்ல நிக்கும். கொச்சி மாநாட்டுல நீங்கதான் பேசுவீய" என்று பேராசிரியர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அதற்கு மீன் அறுக்க வேண்டும். அவள் மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் கத்தரியைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். கடல் பக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் "பிறகு", தஸ்மியா என்ற பெயரோடு இரண்டு வருடம் முன்பு வேலைக்கு வந்து சேர்ந்தது.

வயது இருபத்தாறு. வாயைத் திறந்தால் சிரிப்புதான். எது சாளை, எது காரல், எது மடவை என்று தூக்குச்சட்டியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிரம்மநாயகியோடு உட்காருவதால், மீனே இல்லாமல் சாப்பாடு கொண்டுவருவாள். "அக்காவுக்குச் சங்கடமா இருக்கும்லா" என்று உம்மாவிடம் சொல்லிக் கத்தரிக்காயும் பருப்பும் செய்யச் சொன்னாளாம். அதுவும் பிரம்மநாயகிக்கு எரிச்சல். எனக்காக விட்டுக்கொடுக்க இவள் யார்? தயிர்சாதத்தைப் பிசைந்தபடி அவள் உள்ளுக்குள் குமைவது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வத்தல் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரம்மநாயகி கெட்டவள் இல்லை. வண்ணார்பேட்டையில் அவள் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் கேட்டால் நாலு பேர் நல்லபடியாகத்தான் சொல்லுவார்கள். ஆனால் கல்யாண வீட்டில் பந்தல் போட்டதில் இருந்து பந்தி பரிமாறியதுவரை எல்லாம் தானே செய்துவிட்டு, ஆரத்தி எடுக்கும் நேரத்தில் தட்டை இன்னொருத்தி கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவளுக்கு இருந்தது, இரண்டு வருடமாக, தினமும்.

அந்தப் பங்குனியில் புன்னைக்காயல் கரையில் ஓர் ஆமை செத்து ஒதுங்கியது. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் இனம், குட்டிப் பருவம் தாண்டியது, இன்னும் முழுசாக வளராதது. ஓடு இரண்டு சாண் நீளம்தான் இருக்கும். ஆமையை யாரும் நினைத்தபடி அறுத்துவிட முடியாது. வனத்துறையின் மருத்துவர் கரையிலேயே அறுத்துப் பார்த்துவிட்டு, குடலை ஆய்வகத்துக்குக் கொடுத்தார். தஸ்மியா போய்த் தூக்குச்சட்டியில் வாங்கி வந்தாள். மேசையில் அதைத் திறந்தபோது பிரம்மநாயகி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"அக்கா, இங்கன வாங்களேன்."

"அங்க இருந்தே சொல்லு."

"சோறே இல்லக்கா உள்ள. நண்டு இல்ல, சிப்பி இல்ல, ஒண்ணுமில்ல. நூல் பந்து மாதிரி சுத்திக்கிட்டுக் குடலை அடைச்சுருக்கு. வயிறு நிறைஞ்சுருக்குன்னே இது தின்னாம கெடந்துருக்கும், பாவம்."

பிரம்மநாயகி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து குனிந்தாள். சாம்பல் நிறக் குழம்புக்கு நடுவில் காவி நிறம் தெரிந்தது. பாபநாசத்துப் படித்துறையில் அவள் ஆயிரம் தடவை பார்த்த காவி. இடையிடையே சரிகை மாதிரி மினுக்கும் மெல்லிய பட்டை. ஏழு வருடம் தேடிய நூல். தேடியவள் அவள், எடுத்தவள் வேறொருத்தி.

பேராசிரியர் வந்து பார்த்தார். பிறகு தஸ்மியாவின் தோளுக்கு மேலாகப் பிரம்மநாயகியைப் பார்த்து, "நம்ம வேலை முடிஞ்சுதும்மா. முறைப்படி வடிச்சு எண்ணிருவோம். கொச்சியில தஸ்மியா பேசட்டும், ஆமையைப் பத்தித்தான எல்லாரும் கேப்பாங்க. உங்க ஆத்துக் கணக்கு பின்னால பலமா நிக்கும்" என்றார். பின்னால. அந்தச் சொல்லை வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாளோ தெரியாது. ஆமை செத்துக் கிடந்ததைப் பற்றி அவள் ஒரு தடவையும் நினைக்கவில்லை.

குடலைக் காரக் கரைசலில் இரண்டு நாள் ஊற வைத்தார்கள். சதை எல்லாம் கரைந்து பிளாஸ்டிக்கும் ஓடு மாதிரிக் கெட்டியானதும் மட்டும் மிஞ்சும். மூன்றாம் நாள் அதை வடிதாளில் வடிக்க வேண்டும். இந்த இடத்தில் வெறும் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதிரி திறந்திருக்கிற நேரம் முழுக்க, அதன் பக்கத்தில் இன்னொரு கண்ணாடித் தட்டையும் திறந்து வைப்பார்கள். அதில் ஈரமான வெள்ளை வடிதாள் மட்டும் இருக்கும். அறைக் காற்றில் நூல் பறக்கிறதா என்று பார்க்கத்தான் அது. வேலை முடிந்ததும் அந்தத் தட்டையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதில் ஒரு நீல நூல் விழுந்திருந்தால், மாதிரியில் இருக்கும் நீல நூலும் காற்றில் வந்து விழுந்ததாக இருக்கலாம். மற்ற ஆய்வகங்களில் இதற்கு விழுந்ததைக் கழித்துவிட்டு மீதியை எண்ணுவார்கள். பிரம்மநாயகி எழுதிய விதியில் கழித்தல் கிடையாது. எந்த நிறம் வெறும் தட்டில் விழுந்ததோ அந்த நிறம் அன்றைக்கு முழுசாகச் செல்லாது. அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதும் அவள்தான்.

வடித்துக்கொண்டிருக்கும்போது மதியம் ஆகிவிட்டது. கரைசல் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், அவசரப்படுத்த முடியாது. தஸ்மியா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, லுஹர் தொழுதுட்டு வந்துருதேன். பத்து நிமிஷம். நீங்க கொஞ்சம் பாத்துக்கிடுதீயளா?"

"போயிட்டு வா. நான் இருக்கேன்லா."

தஸ்மியா கீழே போனாள். அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்தது. பிரம்மநாயகி நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லாமல் இருந்தது. ஒரே ஒரு நூல் இதில் விழுந்தால் போதும் என்று மனசு சொன்னது. அப்படி மனசு சொன்னதும் அவளுக்கே திக்கென்றது. எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்காரவில்லை. அலமாரியைத் திறந்தாள்.

எல்லோரும் பருத்தி உடுத்துகிற அறையில் காவிப் பாலியெஸ்டர் நூலுக்கு வேறெங்கே போவது? அவள் புட்டிகளில்தான் இருந்தது. "பாபநாசம், ஆடி அமாவாசை" என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, இடுக்கியால் கண்ணிமை முடி அளவு ஒரு நூலைத் தொட்டு எடுத்தாள். கை நடுங்கவே இல்லை. மீன் அறுக்க நடுங்குகிற அதே கைதான். தட்டின் ஓரமாகப் பார்த்து வைத்தாள். புட்டியை மூடி, பழைய இடத்தில், பழைய வரிசையில், பெயர்ச்சீட்டு வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்.

தஸ்மியா முகம் கழுவிய ஈரத்தோடு வந்தாள். "பசிக்குதுக்கா. இது இறங்கவும் சாப்பிட்டுருவோமா? உம்மா இன்னைக்குப் புளியோதரை வச்சுருக்கா, உங்களுக்கும் சேத்து" என்றாள்.

பிரம்மநாயகி சாப்பிட்டாள். புளியோதரை நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை தஸ்மியா ஆமையின் வடிதாளை எண்ணி முடித்தாள். மொத்தம் நூற்றுப் பதினான்கு நூல், அதில் காவி மட்டும் அறுபத்தொன்று. சிரித்தபடி வெறும் தட்டை நுண்ணோக்கியின் கீழே தள்ளினாள். சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணை எடுத்தாள், தட்டைச் சரிசெய்தாள், மறுபடி பார்த்தாள். பிரம்மநாயகி தன் ஏட்டில் எதையோ எழுதுவது போல எழுதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் தஸ்மியா. "காவிக்கா."

பேராசிரியர் வந்தார். தட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒண்ணுதான கெடக்கு. வயித்துல அறுபத்தொண்ணு இருக்கேம்மா. கழிச்சுக்கிடலாம்லா?" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டார்.

"இல்ல சார்" என்றது தஸ்மியாதான். "அக்கா எழுதுன விதி. இது நாள்வரைக்கும் ஒருத்தருக்கும் மாத்தல. எனக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு இந்த ஆமையை யாரு நம்புவா?"

காவி செல்லாது என்று அவளே ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழுந்து மை கலைந்தது. ஆமை ஒன்றுதான், கரைத்தாகிவிட்டது. இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொன்று சாக வேண்டும்.

அன்று சாயங்காலம் வண்ணார்பேட்டை வீட்டு அடுக்களையில் பிரம்மநாயகி பாடிக்கொண்டே அடை வார்த்தாள். அவள் கணவர் கணேஷ்ராம் வங்கியில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். அவரே எட்டிப் பார்த்து, "என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு? பதவி உயர்வா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றாள்.

நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். பெரிய பாவம் செய்தவர்களுக்குத் தூக்கம் வராது என்று சொல்லுவதெல்லாம் சும்மா. அவளுக்கு வந்தது. காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதுதான் ஆமை ஞாபகம் வந்தது. அந்தப் பிராணி எத்தனை நாள் கடலில் மிதந்திருக்கும், பக்கத்தில் நண்டு ஓடியும் பசியே தெரியாமல் கிடந்திருக்கும், எதனால் செத்தோம் என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. அதன் குடல்தான் வாய். அந்த வாயைத்தான் அவள் அடைத்திருந்தாள். இரண்டு நிமிடம் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு, கொச்சிக்கு இனி யாரும் போகப் போவதில்லை என்ற நினைப்பு வந்து அதை மூடிவிட்டது.

தஸ்மியா அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பார்த்துப் போனாள். அந்தப் பெண் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தாள். வெறும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றும் அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அந்த ஒற்றை நூலையே பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள், படம் எடுத்தாள், அதையும் ஆமை வயிற்று நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அலமாரிப் பக்கமும் ஒரு தடவை போனாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை விழாமப் பாத்துக்கிடலாம்லா" என்று மட்டும் சொன்னாள். மதியம் பேச்சுக் குறைந்திருந்தது. ஆனால் வத்தல் வேண்டுமா என்று கேட்பதை விடவில்லை.

நான்காம் நாள் காலை, பதினொரு மணி இருக்கும். இரண்டு பேரையும் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இரண்டு படம் இருந்தது. ஒன்று ஆமை வயிற்று நூல். அதன்மேல் கடலில் வளரும் சின்னச் சின்ன உயிர்களின் ஓடுகள் அப்பியிருந்தன. இன்னொன்று வெறும் தட்டில் கிடந்த நூல். அதன் முறுக்கில் வேறு மாதிரி ஓடுகள் ஒட்டியிருந்தன. கண்ணாடியில் செய்தது போல, இடுப்பு சுருங்கிய வடிவம்.

பிரம்மநாயகிக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. யாருக்குத் தெரியாமல் போனாலும் அவளுக்குத் தெரியாமல் போகாது. மலையடிவாரத்தில் பாறைமேல் வேகமாக ஓடும் தண்ணீரில் மட்டும் வளரும், கண்ணாடி ஓடு உள்ள நுண்ணிய ஆற்றுப் பாசி அது. பாபநாசத்தில் இருக்கும், சேரன்மாதேவி தாண்டினால் இருக்காது. புட்டியில் போடுமுன் நூலை எப்படிக் கழுவினாலும் அதன் ஓடு போகாது. மூன்றாம் வருட அறிக்கையில் இதையெல்லாம் எழுதி, படம் போட்டு, பேராசிரியரிடம் நல்ல பெயர் வாங்கியது அவளேதான்.

"இந்த நூல் வெளியில இருந்து காத்துல வந்தது இல்ல சார்" என்றாள் தஸ்மியா. "சேலை நூலும் இல்ல. இது ஆத்துல ரொம்ப நாள் கெடந்த நூல், கடலைப் பாக்காத நூல். நம்ம ஆய்வகத்துல அப்படி நூல் அக்காவோட புட்டியில மட்டும்தான் இருக்கு." அவள் பிரம்மநாயகியைப் பார்த்தாள். பார்வையில் கோபம் எதுவும் இல்லை. "ஏதோ ஒரு மூடி சரியா மூடாம இருந்துருக்கும். உள்ள காஞ்ச நூல், அலமாரியைத் திறக்கும்போது பறந்து வந்துருக்கும். யாருக்கும் வரக்கூடிய தப்புதானக்கா."

பேராசிரியருக்கு முகம் தெளிந்துவிட்டது. மனிதர் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது. "அப்ப ஆமை தப்பிச்சுது! வயித்துல இருக்கற நூல் வேற, இது வேறன்னு காட்டியாச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாத நூலுக்குத்தான நம்ம விதி" என்று மேசையைத் தட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா பிரம்மநாயகி, ஒரு புட்டி திறந்து கெடந்தா மத்த புட்டியையும் கேள்வி கேப்பாங்கம்மா. உங்க ஏழு வருஷக் கணக்குலயும் ஒரு வரி சேத்துருவோம். மாதிரிகளைப் பாதுகாத்ததுல கவனக்குறைவு இருந்துருக்கலாம்னு. ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு வரி. அதோட முடிஞ்சுரும்" என்றார்.

ஆமாம் சார் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லியிருந்தால் காப்பி வந்திருக்கும், குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். செய்த தப்பு வெளியே வராமல், வெறும் மறதியாகப் போயிருக்கும். அவளுக்கும் அது தெரிந்தது. வாயைத் திறந்தாள். ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு புட்டி. ஒவ்வொரு மூடியையும் திருகிவிட்டு, இன்னொரு தடவை திருகிப் பார்க்கிறவள். முட்டளவு தண்ணீரில் அட்டை கடிக்க நின்று எண்ணியவள். நாளைக்குக் கொச்சியில் இந்தப் பெண் மேடையில் நின்று பேசும்போது, பின்னால் திரையில் அந்த ஒரு வரி ஓடும். அக்கா கவனக்குறைவானவங்க, ஆனா நல்லவங்க என்று இவள் இரக்கப்பட்டு விளக்கம் சொல்லுவாள்.

"என் மூடி எதுவும் திறந்து கெடக்காது சார்."

"தெரியாம கெடந்துருக்கும்மா. யாரும் குத்தம் சொல்லல."

"தெரியாமயும் கெடக்காது. நான்தான் போட்டேன்."

"எதைப் போட்டீய?"

"நூலை. அவ தொழப் போயிருந்தா. என்னையப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனா. ஆடி அமாவாசைப் புட்டியில இருந்து இடுக்கியால ஒரு நூல் எடுத்துத் தட்டுல வச்சேன். உடனே மூடிட்டேன். வேற புட்டி எதையும் தொடல." அவள் குரல் வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி தெளிவாக இருந்தது. "அந்தப் புட்டியில நாப்பத்தேழுன்னு எழுதியிருக்கும். இப்ப நாப்பத்தாறுதான் இருக்கும். அதை மட்டும் திருத்திக்கிடுங்க. மத்ததுல ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் அவளை இதற்கு முன்னால் பார்த்தே இராதவர் போலப் பார்த்தார்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீய?"

"பொறாமை சார்" என்றாள் பிரம்மநாயகி.

அவர் இரண்டு படத்தையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். வயதான மனிதர், திட்டத் தெரியாதவர். கடைசியில், "உங்க கணக்கு நிக்கும்மா. அதுல ஒரு எழுத்தைக்கூட யாரும் மாத்த மாட்டாங்க. ஆனா நாளையில இருந்து நீங்க இங்கன வர வேண்டாம்" என்றார்.

அவள் அலமாரிச் சாவியை மேசையில் வைத்தாள். ஆய்வகத்துக்குப் போய்த் தன் பருத்தி மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டின் தலைமாட்டில் தஸ்மியா நின்றுகொண்டிருந்தாள்.

"மூடியெல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சுக்கா" என்றாள். "முந்தாநாளே ஒவ்வொண்ணா திருகிப் பாத்துட்டேன்."

பிரம்மநாயகி நின்றாள். "அப்ப உனக்குத் தெரியும்."

"ம்."

"பின்ன ஏன் அங்க அப்படிச் சொன்ன?"

"உங்களுக்குப் போக ஒரு வழி வேணும்லா. ஆமையும் பொழைச்சுக்கிடும், நீங்களும் இங்கனயே இருப்பீய. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னுதான் இருந்தேன். ஏன்க்கா சொல்லல?"

"நீ போட்டுக் குடுத்த வழியில நான் நடக்கணுமாக்கும்?"

தஸ்மியாவின் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கீழே மணி அடித்து மாணவிகள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நின்று அழுதாள். தனக்குத் துரோகம் செய்தவளுக்காக இப்படி அழ இவளுக்கு எப்படி முடிகிறது என்று பிரம்மநாயகி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் கண்ணீரின் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.